தாழங்காட்டுக்கு ஆட்சேபணை இல்லை

முகாம் அமைக்கும்போது முதலில் கழிப்பிடம், அடுத்து சமையலிடம், கடைசியில்தான் கூடாரம். கழிப்பிடம் குடிநீரைவிடப் பள்ளத்தில் இருக்க வேண்டும். காற்று சமையலிடத்திலிருந்து அதன் பக்கம் வீசலாம். அங்கிருந்து சமையலிடத்துக்கு வீசக் கூடாது. ஒருவர் எழுந்ததும் ஒரு மண்வெட்டி மண் தள்ள வேண்டும். குழி நிறைய ஓரடி இருக்கும்போதே மூடி, மேலே குறி வைத்துவிட்டு, வேறு குழி வெட்ட வேண்டும். சுகாதார ஆய்வாளராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படி யாரும் கேட்டதில்லை. விழித்திருந்தபோதும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருவன் கேட்டான். என் தம்பி பிள்ளை வரதன், இன்ஜினியர். கும்மிடிப்பூண்டியில் வரப்போகும் தொழிற்பேட்டையின் கழிவுநீர் எந்த வழியாகப் போய் எங்கே விழ வேண்டும் என்று மட்டம் பார்க்கும் முகாமுக்கு அவன்தான் தலைவன். முந்தைய முகாமில் பாதிப் பேருக்கு வயிற்றுக்கடுப்பு வந்து, அளவுச் சங்கிலி பிடிக்க ஆளில்லாமல் வேலை நின்றதாம். "பெரியப்பா, ஒரு நாலு நாள் வந்து எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுங்கோ" என்று எழுதியிருந்தான். அது 1971, மாசி மாதம்.

சீமைக்குப் போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். அங்கே காகிதத்தால் துடைத்துக்கொள்கிறார்கள் என்ற அதிசயம் இல்லாத கட்டுரையை நான் படித்ததில்லை. நான் போனது கும்மிடிப்பூண்டிக்கு. எங்கள் திருவள்ளூரும் அதுவும் ஒரே ஜில்லா. ஆனாலும் மேற்கிலிருந்து மதராசுக்குப் போய், அங்கிருந்து வடக்கே இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது வண்டி பொன்னேரிக்கு முன்னால் ஒரு வயல்வெளியில் காரணம் சொல்லாமல் நின்றது. பெட்டியில் கழிப்பறை இருந்தது, கதவு திறக்கவில்லை. நீரிழிவுக்காரர் ஒருவர் இறங்கி வரப்போரம் ஓடினார். வண்டி உடனே நகர்ந்தது. ரயில்வேக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி உள்ளுணர்வு உண்டு.

எதிர்ப் பலகையில் இரண்டு வெங்காய வியாபாரிகள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இங்கே பெரிய பெரிய தொழிற்சாலை வரப்போகிறதாமே?"

"வரட்டும். வருகிறவன் வெங்காயம் தின்னாமலா இருப்பான்?"

"புகை வருமாம், அழுக்குத் தண்ணீர் வருமாம்."

"அதெல்லாம் கடலோரத்துக்காரன் பாடு. நமக்கென்ன?"

ஸ்டேஷனில் ஜீப் காத்திருந்தது. கிழக்கே போகப் போகப் பாதை மணலாகி, பழவேற்காட்டு ஏரி கண்ணில் பட்ட இடத்தில் சக்கரம் புதைந்தது. நானும் இறங்கித் தள்ளினேன். பென்ஷன் விதிகளில் இதற்குத் தடை எதுவும் இல்லை.

முகாம் இருந்த இடத்தைப் பார்த்ததும், உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கே பிடித்துப் போயிற்று. ஏரிக்கும் மீனவர் குப்பத்துக்கும் நடுவில் மணல்மேடு. அதன்மேல் வட்டமாகத் தாழம்புதர், அங்கங்கே பனை. உள்ளே சுத்தமான மணற்பள்ளம். ஒற்றையடிப் பாதை இல்லை, ஆட்டுப் புழுக்கை இல்லை, எரிந்த பீடித் துண்டுகூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே கூடாரம் இருப்பதே தெரியாது. "எப்பிடிப் பிடிச்சேன் பாத்தேளா?" என்றான் வரதன்.

அன்று சாயங்காலம் சமையற்காரர் ராகவலு போட்ட சாப்பாட்டில் ரசம் பிரமாதம். குண்டுமணியைவிடக் கொஞ்சம் பெரிய தக்காளி, நல்ல புளிப்பு. மற்றவர்களுக்கு நண்டுக் குழம்பு இருந்தது. எனக்கு ரசமும் மோரும்தான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். "இந்தத் தக்காளி எந்தச் சந்தையில் கிடைத்தது?" என்றேன்.

"சந்தை எதுக்கு சாமி? டப்பு இல்லாம வருது" என்றார் ராகவலு. சூளூர்ப்பேட்டைக்காரர். சிரித்தால் முன்பல் இரண்டிலும் வெற்றிலைக் கறை.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். கழிப்பிடத்துக்கு அதுவரை மூன்று ஏற்பாடுகள் இருந்தன. சங்கிலி ஆட்கள் ஏரிக்கரைக்குப் போனார்கள். அதே கரையில்தான் பாத்திரம் கழுவினார்கள். மேஸ்திரிமார் ஆளுக்கொரு சிறு மண்வெட்டியுடன் புதருக்குள் போய், பூனை மாதிரி குழி பறித்து மூடிவிட்டு வந்தார்கள். ஒரு ஆள் ஒரு நாள் தங்குவதற்கு அது நல்ல முறை, ஆழமாகப் பறித்தால். இவர்கள் பூனை பறிக்கிற ஆழத்துக்குத்தான் பறித்தார்கள். மூன்றாவது, மதராசிலிருந்து மேலதிகாரி என்றைக்காவது வந்தால் உட்காருவதற்காக, நடுவில் ஓட்டை போட்ட மர நாற்காலி ஒன்று, கீழே வாளியுடன், தனிக் கூடாரத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. வாளியை எங்கே கொட்டுவது என்று கேட்டேன். அதைப் பற்றி உத்தரவு வரவில்லை என்றார்கள்.

மூன்றையும் ரத்து செய்தேன். தென்மேற்கு ஓரத்தில், பள்ளமான இடத்தில், ஒரு முழ அகலத்துக்கு நீளவாக்கில் குழி வெட்டச் சொன்னேன். சுற்றிலும் பனையோலைத் தட்டி. குழியோரம் மண் குவியல், அதில் ஒரு மண்வெட்டி. வாசலில் சாம்பல் சட்டியும் தண்ணீர்ப் பானையும். ஏரித் தண்ணீர் உப்பு; கழுவினால் எரிகிறது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். "எரியட்டும். சீதபேதியைவிட எரிச்சல் மேல்" என்றேன். பேருரைகள் நிகழ்த்த எனக்குக் கிடைத்த வாய்ப்புகள் இப்படிப்பட்டவை. பெருமாள் கைங்கரியம் செய்யும் வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து கக்கூஸ் கைங்கரியத்துக்குப் போனவன் என்று திருவள்ளூரில் என்னைச் சொல்வார்கள். சொன்னவர்கள் வீட்டுக் கொல்லைகளையும் நான்தான் சோதனை போட்டேன்.

குழிக்கு இடம் பார்க்கும்போதுதான் அந்தச் செடிகளைக் கண்டேன். தாழம்புதரின் அடியில், கூடாரக் கயிறுகளுக்கு நடுவே, சமையல் அடுப்புக்குப் பின்னால், எங்கு பார்த்தாலும் தக்காளி. யாரும் பாத்தி கட்டவில்லை, யாரும் விதைக்கவில்லை. ராகவலு குனிந்து குனிந்து பறித்து வேட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

என் துறையில் இருந்தவனுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. தக்காளி விதை மனிதக் குடலில் சேதமில்லாமல் பயணம் செய்து வெளியே வந்து முளைக்கும். அமாவாசைக்கு எங்கள் ஊர்த் திருக்குளத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் வந்து படுக்கும் யாத்திரிகர்களில், நாங்கள் போட்ட தட்டிக் கழிப்பிடத்தைத் தேடி வந்தவர்கள் கொஞ்சம், தேடாதவர்கள் நிறைய. கொஞ்ச நாள் கழித்துப் பின்பக்கத் தரிசுகளில் தக்காளி முளைப்பதை வைத்து, கூட்டம் எதுவரை போயிருக்கிறது என்று எல்லை கட்டுவோம்.

முந்தின நாள் இரண்டு முறை வாங்கிக் குடித்த ரசம் நெஞ்சுக்கு வந்தது.

வரதனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "இது வெறும் இடமில்லை. ஒரு ஊரே பல வருஷமாக வெளிக்குப் போகிற இடம்."

"சான்ஸே இல்லை பெரியப்பா. கிராமத்துல தமுக்கு அடிச்சு, எல்லாரையும் நிக்க வெச்சுக் கேட்டாச்சு. யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கியிருக்கு. ஒத்தன்கூட வாயைத் திறக்கலையே!"

"போகிற பாதைகூட இல்லாமல் எப்படி இத்தனை செடி?"

"பறவை போட்டிருக்கும்."

அவன் இன்ஜினியர், பி.இ. படித்தவன். பறவையை நம்பினான்.

அதற்கடுத்த விடியற்காலை, குழியில் மண் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ஆட்கள் எழுந்திருக்கும் முன்பே போனால்தான் யார் மண் போடாமல் வந்தான் என்று பிடிக்கலாம். தட்டி வாசலில் ஒரு பெண் குந்தியிருந்தாள். நடுவயது, மேலே போர்த்திய பழைய சேலை, கையில் தகர டப்பா.

"யாரு அது?" என்றாள். நான் கேட்க வேண்டிய கேள்வி.

"இந்தக் குழியை வெட்டச் சொன்னவன்."

"அப்ப கொஞ்சம் அப்பால நில்லு ஐயிரே. உள்ள ஆளு கீது."

நான் ஐயங்கார். அந்த நேரத்தில் திருத்திக்கொண்டிருக்க முடியாது. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மண் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தாழை ஓரமாகக் குப்பத்துப் பக்கம் போனாள்.

"எம் பொண்ணு. தலச்சன். பேறுக்கு இட்டாந்து வெச்சிகீறேன்" என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் தேசம்மா.

"இது முகாம் ஆட்களுக்கு வெட்டியது, அம்மா."

"தெரியும் ஐயிரே. நீங்க குந்தினு கீறது மட்டும் எங்க எடம் இல்லியா? உங்க ஆபீசரு கட்டிலு போட்டுத் தூங்குறாரே, அது எங்க ஊட்டு எடம். அடுப்பு மூட்டிகீறீங்களே, அது எங்க நாத்தனாரு ஊட்டுது. கொடி நட்டுகீறீங்க பாரு, அது தலைவரு சம்சாரம் வர்ற எடம். பெரிய மனுசி, அதான் கொடி ஏத்திட்டீங்க."

அந்த இருட்டு விலகாத வேளையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போயிற்று.

அவள் சொன்னதிலிருந்து விளங்கியது இது. அந்த மணல்மேட்டில் குப்பத்து ஆண்கள் கால் வைப்பதில்லை. ஆடு தாழைக்குள் போய்விட்டால்கூட அதை மீட்க ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள். பெண்கள் ஆளுக்கொரு வழியாகப் போய், காலால் மணல் பறித்து, மூடிவிட்டு, வரும்போது தாழை ஓலையால் தடத்தைத் தேய்த்துவிட்டு வருவார்கள். பாதை விழுந்தால் பாம்புபிடிக்கிறவன், மரமேறி, வெளியாள் எவனாவது உள்ளே வருவான் அல்லவா? அதனால்தான் வரதனுக்கு அது யாரும் தொடாத இடமாகத் தெரிந்தது.

"தமுக்கு அடித்துக் கேட்டபோது ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

"யாராண்ட சொல்றது? ஆம்பளைங்கள நிக்க வெச்சிக் கேட்டாங்க. அவன் இன்னான்னு சொல்லுவான்? 'துரை, அது எம் பொண்டாட்டி குந்துற எடம்'னா? நாங்க சொல்லலாம்னா எங்கள ஆரு கூப்ட்டா?"

கூடாரங்கள் வந்த பிறகு பெண்கள் ஏரி ஓரச் சேற்றுக்குப் போயிருக்கிறார்கள். முழங்கால் வரை சேறு, மறைவுக்கு ஒரு செடி இல்லை, வலை எடுக்கும் படகுகள் விடியும் முன்பே அங்கே. "இது பகல்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னுது ஐயிரே. ராவுக்குக் கஞ்சி ஊத்துனா, வேணாம்மா, வெளிய போவணுமேன்னுது. வயித்துல புள்ளய வெச்சிகினு பட்டினி கெடக்குது. ஒரே பேஜாரு. அப்பதான் நீ தட்டி கட்டினே. நல்லா இருப்பே."

உத்தியோக காலம் முழுவதும் கழிப்பிடம் கட்டிக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே நன்றி அதுதான். அதுவும் திருட்டுத்தனமாக உபயோகித்தவளிடமிருந்து.

நாஷ்டா நேரத்தில் வரதனிடம் சொன்னேன். கட்டில் விஷயத்தையும் சொன்னேன். கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து, கட்டிலை நாலு கஜம் தள்ளிப் போட்டான். "அது யார் வீட்டு இடமோ" என்றேன். சங்கிலி ஆட்கள் சிரித்தார்கள். ராகவலு மடியிலிருந்த தக்காளியை ஒவ்வொன்றாகப் புதருக்குள் எறிந்தார். "ரசத்தை சாமிதான் ரெண்டு வாட்டி கேட்டு வாங்கினீங்க" என்று எனக்கு ஞாபகப்படுத்தவும் செய்தார்.

விடியற்காலையில் பெண்கள் வந்து போகட்டும், ஆட்கள் சூரியன் தலை காட்டிய பிறகு போகட்டும் என்று ஏற்பாடு செய்தேன். அது ஒரு மணி நேர வேலை. கடினமானது வேறு. வரதனின் வரைபடத்தில் கழிவுநீர் வந்து விழும் இடம் இந்த மேடு. மேட்டை வெட்டி, கால்வாய் விட்டு, சுற்றிலும் கம்பி வேலி போடப்போகிறார்கள்.

"வேற இடம் பார்" என்றேன். "இது உபயோகத்தில் இருக்கும் நிலம் என்று அறிக்கையில் எழுது."

"படிவத்துல எந்தக் கலத்துல எழுதறது பெரியப்பா? மேய்ச்சல், களம், வழி, சுடுகாடு, கோவில், குளம், இவ்வளவுதான் இருக்கு. இதுக்குக் கலமே இல்லை. ஊர்க்காரா ஆட்சேபணை குடுத்தா சேத்துக்கலாம். நீங்க குடுத்தா செல்லாது. நீங்க திருவள்ளூர்."

அவன் சொன்னது சரி. விதி எனக்கும் தெரியும். ஆட்சேபணை தெரிவிக்க அந்தக் கிராமத்தில் வசிப்பவருக்குத்தான் உரிமை. கொடுக்க வேண்டியது எழுத்து மூலமாக. காரணம் குறிப்பிடப்பட வேண்டும்.

காரணத்தில்தான் சிக்கல். குப்பத்துத் தலைவர் காத்தவராயன் என்னை மரியாதையாக வலைமேல் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் விஷயத்துக்கு வந்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னா சாமி பேசுறே? எங்க பொம்பளைங்க வெளிக்குப் போற எடத்த காயிதத்துல எழுதி தாலுக்கா கச்சேரிக்கு அனுப்பணுமா? அதை ஒரு குமாஸ்தா படிப்பான். இன்னொருத்தன் கேட்டுச் சிரிப்பான். அப்பால வந்து பாக்கணும்பான். யாரு காட்டுறது? எடத்தக் காட்டு, ஆளக் காட்டும்பான்."

"எழுதாவிட்டால் இடம் போய்விடும்."

"போவட்டும். மானம் போறதுக்கு எடம் போவட்டும்."

"போகப்போவது உங்கள் இடமில்லை" என்றேன்.

அவர் என்னை வெட்டவில்லை. இளநீரைக் குடிக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கடைசியில் நான் எழுதிய மனுவில் தேசம்மாதான் பெருவிரல் ரேகை வைத்தாள். வலை உலர்த்தும் இடத்தில், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. "இன்னான்னு எழுதிகீறே, படி" என்றாள். "மேற்படி புறம்போக்கு நிலம் கிராமப் பெண்களின் இன்றியமையாத உபயோகத்தில் இருந்து வருவதால்" என்று படித்தேன்.

"இன்றியமையாதன்னா?"

"அது இல்லாமல் முடியாது என்று அர்த்தம்."

"அப்ப சரி. அதுக்கு வெக்கலாம்."

அவள் புருஷன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லையாம். "நிம்மதியா இருந்துச்சி" என்றாள்.

முகாம் கலையும் நாள் வந்தது. கூடாரங்களைச் சுருட்டினார்கள். பிறகு வரதன் கழிப்பிடக் குழியை மூடச் சொன்னான். தட்டிகளைப் பிரித்து லாரியில் ஏற்றச் சொன்னான். அவை சாமான் கணக்கில் இருந்தன. குப்பத்து எல்லையில் பத்துப் பதினைந்து பெண்கள் வந்து நின்றார்கள். மேட்டைப் பெண்கள் தங்கள் ஊர் ஆண்களுக்கு எதிரில் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"குழி இன்னும் பாதிதான் நிறைந்திருக்கிறது. தட்டியோடு விட்டுவிட்டுப் போ" என்றேன்.

"நீங்கதானே சொன்னேள்? உபயோகம் முடிஞ்சதும் மூடி, குறி வைக்கணும்னு."

"உபயோகம் முடியவில்லை, வரதா."

"முகாம் முடிஞ்சா உபயோகம் முடிஞ்சாச்சு பெரியப்பா."

மண்ணைத் தள்ளி மூடினார்கள். மேலே ஒரு குச்சி நட்டு, விதிப்படி குறியும் வைத்தார்கள். இவ்வளவு ஒழுங்காக மூடப்பட்ட கழிப்பிடக் குழியை நான் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. பூட்டி வைத்திருந்த ஓட்டை நாற்காலி யாரும் உட்காராமலே மதராசுக்குத் திரும்பியது.

மனுவைப் பதிவுத் தபாலில் நானே அனுப்பினேன். தேசம்மாவுக்குப் படித்துக் காட்ட ஆளில்லாததால் பதில் என் விலாசத்துக்கு வரும்படி எழுதியிருந்தேன். நினைவூட்டல் அனுப்பினேன்; நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். தேசம்மாவின் பெண்ணுக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை என்று, அந்தப் பக்கம் நண்டு வாங்கப் போய் வரும் ராகவலு கார்டு போட்டார். அடுத்த வருஷம் வேலி வந்துவிட்டது என்று இன்னொரு கார்டு.

நான் மறுபடியும் போனேன். இந்த முறை ஜீப் இல்லை. பஸ், பிறகு மாட்டு வண்டி, பிறகு கால். மேடு இருந்த இடத்தில் கம்பி வேலி, ஒரு காவல்காரன், அவனுக்குத் தகரக் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் அவனுக்கென்று செங்கல்லில் ஒரு கக்கூஸ். கால்வாய் இன்னும் வெட்டவில்லை.

தேசம்மா வலை அருகே நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். "இப்போது எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டேன். வேறு எந்த ஊரிலும் எந்தப் பெண்ணிடமும் நான் இப்படிக் கேட்டிருக்க முடியாது.

"தோணில போறோம் ஐயிரே" என்றாள். ஏரி நடுவில் இருந்த ஒரு மணல் திட்டைக் காட்டினாள். "விடிகாலைல பத்து பேரு ஏறிப் போயி எறங்கிட்டு வர்றோம். ராஜா ஊட்டுப் பொம்பளைங்க மாதிரி. ஒருத்திக்கு அவசரம்னா பத்து பேரும் கெளம்பணும்."

"மழைக்காலத்தில்?"

"மழைல திட்டு முழுகிடும்." நண்டின் காலை ஒடித்தாள். "அப்ப சோத்தக் கொறைச்சிக்கறது."

பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாசமாக இருக்கிறாளாம். மாமியார் வீடு எண்ணூர்ப் பக்கம். அங்கே மறைவுக்கு ஒரு தோப்பு உண்டு. பேறுக்கு அழைத்து வரப் போனவளிடம் மருமகனின் தாய், "உங்க ஊட்டாண்ட எங்க போவும் அது? தோணி ஏறுமா வயித்தத் தூக்கிகினு?" என்று கேட்டிருக்கிறாள். பிறந்த வீட்டில் பிள்ளை பெற வேண்டிய பெண், புருஷன் வீட்டிலேயே பெற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. தேசம்மா அதைச் சொல்லும்போது முதல் முறையாகக் கேலி பேசவில்லை. "அவ கேக்கறது நாயந்தானே" என்று மட்டும் சொன்னாள்.

"அந்தக் காயிதத்துக்கு இன்னா ஆச்சி ஐயிரே?"

"பதில் வரும்" என்றேன். மனுக்களுக்குப் பதில் அளிக்கப்பட வேண்டும் என்பது விதி. எத்தனை நாளில் என்பதற்கும் விதி இருக்கிறது.

பதில் வந்தது. மனுதாரர் தேசம்மா குறிப்பிட்ட நிலம் அதிகாரிகளால் நேரில் பார்வையிடப்பட்டதாகவும், கம்பி வேலிக்குள் இருந்த அந்த நிலத்தில் பெண்களோ பிறரோ வந்து போவதற்கான தடயம் எதுவும் காணப்படவில்லை என்றும், எனவே மேற்படி நிலம் எவருடைய உபயோகத்திலும் இல்லை என்று தெரியவருவதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்றும் அதில் இருந்தது. கீழே, இதை மனுதாரருக்குப் படித்துக் காட்டி ரேகை பெற்று அனுப்பவும் என்று எனக்கு ஒரு குறிப்பு. தபால்காரர் அதை என் கையில் கொடுத்த தேதி 1974 ஆகஸ்ட் 12.